நாலேகால் மணிக்கு எழுகிற சகோதரிக்கு

வாசகி கேட்கிறார்:

"டாக்டரம்மா, எனக்கு 43 வயது. யாங்கோன் (ரங்கூன்) தாம்வேயில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். கணவர், மாமியார், கம்பெனியில் வேலை பார்க்கும் மகள், 16 வயது மகன். கல்யாணம் ஆனதிலிருந்து அதிகாலை 4:15-க்கு எழுகிறேன். சோறு வடித்து, குழம்பு வைத்து, டிபன் கேரியர் கட்டி, 6 மணி டியூஷனுக்கு மகனை உலுக்கி எழுப்பி அனுப்பிவிட்டு நிமிர்வதற்குள் விடிந்துவிடும். கணவரும் மகளும் 8 மணிக்குக் கிளம்புவார்கள். ராத்திரி சீரியல் பார்த்து, தண்ணீர் மோட்டார் போட்டுவிட்டு நான் படுக்க 11:30 ஆகிவிடும். கணவர் 10 மணிக்கே தூங்கிவிடுவார். காலை 5:30-க்கு எழுந்து கண்டாஜி ஏரிக்கு நடக்கப் போவார். சிநேகிதர்களோடு டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு 7 மணிக்கு முகமெல்லாம் மலர்ந்து வருவார். 'விடியக்காலையில் எழுகிற சுகம் வேறு எதில் வரும்' என்பார். அவருக்கு முன்னால் எழுகிற எனக்கு அந்தச் சுகம் ஒரு நாளும் தெரிந்ததில்லை. எழுந்ததும் எரிச்சல்தான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை 8 மணி வரை படுத்தால் மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். விடியக்காலைக் காற்றில் ஓசோன் இருக்கிறது, அதை விட்டுவிட்டுத் தூங்கலாமா என்கிறார். இது என் உடம்பில் உள்ள கோளாறா, மனசில் உள்ள கோளாறா?"

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டிலும் கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் மணிக் கணக்கைக் கூட்டிப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடுகிறது. 11:30-க்குப் படுத்து 4:15-க்கு எழுகிறீர்கள். நாலே முக்கால் மணி நேரம். 18 வயதிலிருந்து 60 வயது வரை உள்ளவர்களுக்கு ராத்திரித் தூக்கம் 7 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்பதுதான் மருத்துவ உலகம் ஒத்துக்கொண்ட அளவு. தினமும் உங்களுக்கு இரண்டேகால் மணி நேரம் குறைவு. திங்களிலிருந்து சனி வரை சேர்த்தால் பதின்மூன்றரை மணி நேரம், அதாவது கிட்டத்தட்ட இரண்டு முழு ராத்திரி. வாரா வாரம் இரண்டு ராத்திரி கண்விழிக்கிற எவருக்குமே விடியல் இனிக்காது.

உங்கள் கணவர் பொய் சொல்லவில்லை. அவர் 10 மணிக்குப் படுத்து 5:30-க்கு எழுகிறார், ஏழரை மணி நேரம். தூக்கம் நிறைந்து எழுகிற உடம்புக்கு விடியல் நிஜமாகவே சுகமானது. ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், அவருக்குக் கிடைப்பது உங்களுக்குக் கிடைக்காததற்கு முதல் காரணம் இந்த இரண்டே முக்கால் மணி நேர வித்தியாசம். இரண்டாவது காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதுதான் பெரியது என்று நினைக்கிறேன்.

தூக்கம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. ராத்திரியின் முதல் பகுதியில் ஆழ்ந்த தூக்கம் அதிகம். கனவு காணும் தூக்கம் பெரும்பாலும் கடைசிப் பகுதியில்தான் வரும். 4:15 அலாரம் வெட்டி எறிவது இந்தக் கடைசிப் பகுதியை. முந்தின நாளின் வருத்தம், கோபம், பயம் எல்லாவற்றையும் மனசு ஆற்றிக்கொள்வதில் இந்தத் தூக்கத்துக்குப் பங்கு உண்டு. அதனால் எழுந்ததும் வரும் எரிச்சலை உங்கள் குணம் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். தூக்கம் போதாத உடம்பு அப்படித்தான் பேசும்.

உடம்பு விழிப்பதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறது. வழக்கமாக எழும் நேரத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்னால் உடம்புச் சூடு ஆகக் குறைவாக இருக்கும். அப்புறம் மெல்ல ஏறும். கார்டிசால் என்ற சுரப்பும் கூடிக்கொண்டே வந்து, கண் விழித்த அரை மணி, முக்கால் மணிக்குள் உச்சத்துக்குப் போகும். இந்த ஏற்றம் நன்றாகத் தொடங்கிய பிறகு எழுந்தால் கை கால் லேசாக இருக்கும், தலை தெளிவாக இருக்கும். அதற்கு முன்னால் அலாரம் அடித்து எழுப்பினால் அரை மணி நேரம் போல மந்தமாக இருக்கும். அந்த மந்தத்தில்தான் நீங்கள் அரிவாள்மணை முன்னால் உட்காருகிறீர்கள்.

ராத்திரியை முதலில் சரிசெய்வோம்.

நம் ஊர் நேரம் தமிழ்நாட்டை விட ஒரு மணி நேரம் முந்தியது என்பது உங்களுக்குத் தெரியும். சென்னையில் 9 மணிக்கு ஆரம்பிக்கும் சீரியல் இங்கே 10 மணிக்கு வரும். 9:30-க்கு வருவது இங்கே 10:30. அங்கே இருப்பவர்கள் 10 மணிக்கு டிவியை அணைத்துவிட்டுப் படுத்தால், அதே சீரியலைப் பார்த்த நமக்கு மணி 11. சூரியனோ இரண்டு ஊரிலும் கடிகாரப்படி பார்த்தால் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில்தான் உதிக்கிறது. ஆக, ரங்கூன் தமிழ்க் குடும்பங்கள் சென்னையின் ராத்திரியில் படுத்து இந்த ஊர் விடியலில் எழுகின்றன. நடுவில் ஒரு மணி நேரத் தூக்கம் காணாமல் போகிறது. ஐபிஎல் நடக்கும் மாதங்களில் ஆண்களுக்கும் இதே கதைதான். அங்கே 7:30-க்கு ஆரம்பிக்கும் ஆட்டம் இங்கே 8:30-க்கு ஆரம்பித்து நடுராத்திரியைத் தாண்டும். என்னிடம் தலைவலி, அசதி என்று வரும் தமிழ்ப் பெண்களிடம் நான் முதலில் கேட்பது எத்தனை மணி சீரியல் பார்க்கிறீர்கள் என்றுதான். சீரியலைக் குறையாகப் பேச எனக்கு மனம் வராது. நாள் முழுக்க உழைத்தவளுக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு அதுவாக இருக்கலாம். ஆனால் ஒரே ஓய்வு ராத்திரி 10 மணிக்கு மேல்தான் என்று ஆகிவிட்டதே, அதைத்தான் மாற்ற வேண்டும். கைபேசியில் மறுநாள் மத்தியானம் பார்த்துக்கொள்ள முடிந்த சீரியலை அப்படியே தள்ளிப்போடுங்கள்.

மோட்டார் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. கரண்டு முறை வைத்து வருகிற ஊரில், வரும் நேரத்தில்தான் தொட்டி நிரப்ப முடியும். ஆனால் அதற்குக் கண் விழிப்பவர் ஏன் எப்போதும் நீங்களாகவே இருக்க வேண்டும்? வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். உங்கள் மகன் எப்படியும் 11 மணிக்கு முன்னால் தூங்கப்போவதில்லை, காரணம் கீழே சொல்கிறேன். ராத்திரி மோட்டாரை அவன் பொறுப்பில் விடுங்கள். பின்னிரவில் கரண்டு வரும் முறையில் வாரத்துக்கு ஒருவர் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

சாயங்கால டீயையும் கவனியுங்கள். நம் ஊர் டீ திக்கானது. டீயில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். 3 மணிக்குப் பிறகு குடிக்காமல் இருந்து பாருங்கள்.

இப்போது அந்த இரண்டாவது காரணம். நாளைக்கே உங்களுக்கு 7 மணி நேரத் தூக்கம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எரிச்சல் குறையும், தலைவலி இருந்தால் போகும். ஆனால் கணவர் சொல்கிற அந்தச் சுகம் வந்துவிடுமா? வராது என்றுதான் நினைக்கிறேன். அவர் எழுந்து எங்கே போகிறார் என்று பாருங்கள். ஏரிக்கு. அங்கே அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. நீங்கள் எழுந்து எங்கே போகிறீர்கள்? அடுப்புக்கு. கண் திறந்த நிமிஷத்திலிருந்து அந்த நேரம் நாலு பேருடையது. விடியலின் சுகம் அது யாருக்கும் சொந்தமில்லாத நேரமாக இருப்பதில்தான் இருக்கிறது. வேலைக்காக எழுகிறவருக்கு அது வேலை நேரம். பஜாரில் கடை திறக்கிறவர், முதல் பஸ்ஸை எடுக்கிற டிரைவர், வடை மாவு ஆட்டுகிறவர் எல்லோரும் விடியலுக்கு முன்னால் எழுகிறார்கள். அவர்களிடம் போய் விடியல் சுகமானது என்று யாரும் சொல்வதில்லை. வீட்டுப் பெண்களிடம் மட்டும் கூசாமல் சொல்கிறோம்.

அந்தச் சுகத்தில் என்னதான் இருக்கிறது என்று கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நீங்கள் 20 வருஷமாக அதன் பக்கத்திலேயே நின்றும் பார்க்க வாய்க்காமல் போய்விட்டது.

முதலில் குளிர்ச்சி. பகல் முழுக்க வாங்கிய சூட்டைத் தரை ராத்திரி முழுக்க விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் சூரியன் உதிக்கும் வேளையை ஒட்டித்தான் 24 மணி நேரத்தில் ஆகக் குளிர்ந்த நேரம் வரும். ஏப்ரல் மாதத்தில் இந்த ஊரில் ஃபேன் இல்லாமல், கரண்டு இல்லாமல், வியர்க்காமல் உட்கார முடிகிற ஒரு மணி நேரம் அதுதான். உங்கள் வீட்டில் அந்த ஒரு மணி நேரத்தை அடுப்படி வெக்கையில் கழிப்பவர் நீங்கள் ஒருவர்தான்.

அடுத்தது சத்தம். நகரத்தின் இரைச்சல் எழுவதற்கு முன்னால் சின்னச் சத்தங்கள் எல்லாம் தனித்தனியாகக் கேட்கும். பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்சான் நெருங்கும் நாட்களில் இருட்டிலேயே குயில் கூவ ஆரம்பித்துவிடும். பர்மாக்காரர்களுக்குக் குயில் குரல் கேட்டால் புது வருஷம் வருகிறது என்று அர்த்தம். நமக்கும் சித்திரை அதே வாரத்தில்தான் பிறக்கிறது. குயிலுக்குப் பிறகு காகம், மைனா. பறவைகள் விடியலில் அப்படிக் கத்துவதற்குக் காரணம் உண்டு. இரை தேட வெளிச்சம் போதாது, காற்று அசையாமல் இருக்கும், குரல் தூரமாகப் போகும். என் இடம் இது என்று சொல்லவும் துணையைக் கூப்பிடவும் அதைவிட நல்ல நேரம் கிடையாது.

அப்புறம் தெரு விழிப்பது. என் வீட்டு பால்கனியிலிருந்து நான் தினமும் பார்ப்பது எதிர்க் கட்டடத்தின் நாலாவது மாடியிலிருந்து தொங்கும் கயிறு. உங்கள் தெருவிலும் ஒவ்வொரு மாடிக்கும் ஒன்று தொங்கும். கயிற்று நுனியில் ஒரு கிளிப், கிளிப்பில் ஒரு பை, பைக்குள் மடித்து வைத்த நோட்டு. தலையில் தட்டை ஏந்திக்கொண்டு 'பே…ப்யோ…' என்று நீட்டி முழக்கியபடி அவித்த பட்டாணிக்காரம்மா வருகிறார். மேலே நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு, முளைவிட்டு அவிந்த பட்டாணியை ஆவி பறக்கக் கிண்ணத்தில் அளந்து பொட்டலம் கட்டிப் பையில் போட்டுவிட்டு, கயிற்றை இரண்டு தரம் சுண்டுகிறார். மேலே மணி அடிக்கிறது. ஒரு கை மட்டும் வெளியே வந்து கயிற்றை இழுக்கிறது. பை ஆடி ஆடி, இரண்டாவது மாடிக் கம்பியில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏறிப் போகிறது. அதற்குள் தெருமுனையில் பொங்கிகளின், அதாவது புத்த பிக்குகளின், வரிசை தெரியும். முன்னால் ஒரு பையன் வெண்கலத் தகட்டைத் தட்டிக்கொண்டு வருவான். பின்னால் வெறுங்காலோடு, கையில் பாத்திரத்தோடு, பெரியவரிலிருந்து சின்னவர் வரை. கீழ்வீட்டு அம்மா புதுச் சோற்றோடு செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். இதையெல்லாம் அவசரமில்லாமல் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் உங்கள் கணவர் சொல்லும் சுகம்.

வெளிச்சத்தை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஒரு மருத்துவராக நான் ஆக முக்கியமாக நினைப்பது அதைத்தான். கண்களுக்குப் பின்னால், மூளையின் அடிப்பகுதியில், அரிசி அளவே உள்ள ஓர் இடத்தில் சுமார் 20,000 நரம்பணுக்கள் சேர்ந்து உடம்பின் கடிகாரத்தை ஓட்டுகின்றன. இந்தக் கடிகாரம் அணுக்களுக்குள் எப்படி ஓடுகிறது என்று பழ ஈக்களை வைத்துக் கண்டுபிடித்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதக் கடிகாரத்தின் சராசரி ஓட்டம் 24 மணி நேரத்தை விடச் சில நிமிஷம் நீளம். அப்படியே விட்டால் நாளுக்கு நாள் தூக்கமும் விழிப்பும் பின்னால் தள்ளிப்போகும். அதைத் தினமும் பிடித்து நேர்படுத்துவது காலை வெளிச்சம். வீட்டு டியூப்லைட் தருவது சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான். மழைக்கால மேகத்துக்குக் கீழே நின்றாலும் வெளியே அதைப்போலப் பல மடங்கு கிடைக்கும். விடிந்ததும் கால் மணி, அரை மணி நேரம் பால்கனியில் நின்றால் போதும், ராத்திரி தூக்கம் தானாகச் சீக்கிரம் வரும். உங்கள் கணவருக்கு 10 மணிக்கெல்லாம் கண் சொருகுவதற்கு ஏரிக்கரை வெளிச்சத்துக்கும் பங்கு இருக்கிறது. நீங்கள் விடியும் நேரம் முழுக்க அடுப்படிக்குள் இருந்துவிட்டு, ராத்திரி டிவி வெளிச்சத்தில் உட்காருகிறீர்கள். உங்கள் உடம்பின் கடிகாரத்துக்குப் பகல் எது, ராத்திரி எது என்றே குழம்பியிருக்கும்.

சரி, என்ன செய்யலாம்?

டிபன் கேரியர் எல்லாமே 6 மணிக்குள் தயாராக வேண்டுமா என்று யோசியுங்கள். 6 மணிக்குக் கிளம்புகிறவன் மகன் ஒருவன்தான். மற்ற இரண்டு பேரும் 8 மணிக்குத்தான் கிளம்புகிறார்கள். உங்கள் சமையல் ஏன் 4:15-க்கே ஆரம்பிக்கிறது? கல்யாணமான புதிதில் மாமியார் ஏற்படுத்திய நேரமாக இருக்கும், இன்றுவரை யாரும் அதைத் திருப்பிக் கேட்டிருக்க மாட்டார்கள். மகனுக்கு அந்த நேரத்தில் வேண்டியது ஒரு டம்ளர் பாலும், கையில் இரண்டு நான் ரொட்டியும் பேப்யோவும் (அவித்த பட்டாணி)தான். அவனுடைய மத்தியானச் சாப்பாடு டியூஷன் முடிந்து வந்த பிறகு எடுத்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தால் 5:30-க்கு அடுப்பு மூட்டினால் போதும். நேரே பள்ளிக்கூடம் போகிறவன் என்றால் அவனுக்கு மட்டும் ராத்திரியே தயார் செய்துவிடலாம். ஃபிரிட்ஜை நம்ப முடியாத ஊர் என்பதால் மீன் குழம்பையும் தேங்காய் அரைத்த குழம்பையும் ராத்திரி செய்து வைக்கச் சொல்லமாட்டேன். புளிக்காய்ச்சல், வத்தக்குழம்பு, பாலச்சாங் (காய்ந்த இறால் வறுவல்) போன்றவை வெளியே இருந்தாலும் கெடாது. வாரத்தில் இரண்டு நாள் காலைச் சாப்பாட்டை மொயிங்காவாக (மீன் குழம்பு நூடுல்ஸ்) வெளியில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஊரில் பெரிய குடும்பங்களே அப்படித்தான் செய்கின்றன, அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

கணவரிடம் பேசுங்கள். அவர் விடியலை நேசிக்கிறவர், அதனால் அவருக்குப் புரியும் என்று நம்புகிறேன். வாரத்தில் மூன்று நாள் அவர் சோறு வைத்துக் கேரியர் கட்டட்டும், நீங்கள் ஏரிக்குப் போங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், அல்லது ஒரு நாள் இரண்டு பேருமாகப் போய்விட்டு வரும்போது மொயிங்கா வாங்கி வாருங்கள். 'எனக்குச் சோறு வைக்கத் தெரியாதே' என்று அவர் சொன்னால், ரைஸ் குக்கரோ பானையோ, கற்றுக்கொள்ள இரண்டு நாள் போதும். ஆண்கள் சமைத்துத்தான் இந்த ஊர் டீக்கடைகள் எல்லாம் நடக்கின்றன.

மற்ற நாட்களில் 10 மணிக்குப் படுத்து 5 மணிக்கு எழுங்கள். ஒரே நாளில் மாறாது. படுக்கும் நேரத்தை மூன்று நான்கு நாளைக்கு ஒரு முறை கால் மணி நேரம் முன்னால் நகர்த்துங்கள். அது படிந்த பிறகு 5-லிருந்து 5:30 வரை அடுப்படிக்குள் கால் வைக்காதீர்கள். இதை மருந்துச் சீட்டில் எழுதியதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அரை மணி நேரத்தில் என்ன செய்வது என்று என்னைக் கேட்காதீர்கள், உபயோகமாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. வாசலில் கோலம் போடப் பிடிக்கும் என்றால் போடுங்கள், கடமைக்காக வேண்டாம். முகத்துக்குத் தனகா மரக்கட்டைச் சாந்து பூசுகிறவராக இருந்தால் அவசரத்தில் தடவாமல், கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கட்டையை வட்டமாகத் தேய்த்து, அந்த மணம் எழும்பும் வரை உட்கார்ந்திருங்கள். சாமி கும்பிடுங்கள். சும்மா நில்லுங்கள். கைபேசியை மட்டும் தொடாதீர்கள். தொட்டால் அந்த நேரம் மறுபடி ஊர்க்காரர்களுடையதாகிவிடும்.

ஜனவரி கடைசியில் இங்கே சூரியன் உதிக்க 6:40 ஆகிவிடும். ஜூன் ஆரம்பத்தில் 5:30-க்கே உதித்துவிடும். ஆகவே குளிர் மாதங்களில் உங்கள் அரை மணி நேரம் இருட்டில்தான் போகும். வெளிச்சத்துக்காக 6:40-க்கு மேல் கொஞ்ச நேரம் வெளியே வந்து நில்லுங்கள், அந்த நேரத்தில் அடுப்பைக் கணவர் பார்த்துக்கொள்ளட்டும்.

மகனைப் பற்றி ஒரு வார்த்தை. 16 வயதுப் பிள்ளைக்கு 8-லிருந்து 10 மணி நேரம் தூக்கம் வேண்டும். அந்த வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போய்விடும். 11 மணிக்கு முன்னால் படுத்தாலும் பலருக்குத் தூக்கம் வராது. அது சோம்பேறித்தனம் இல்லை. 20 வயதைத் தாண்டும்போது மெல்லச் சரியாகிவிடும். 6 மணி டியூஷன் அவனுக்கு உங்கள் 4:15 போன்றது. அந்த வாத்தியாரிடமே சாயங்கால வகுப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். தூக்கம் நிறைந்த பிள்ளைக்குப் படித்தது நிற்கும்.

மாமியார் சொல்லும் ஓசோன் விஷயத்தைப் பலரும் நம்புகிறார்கள். மரியாதையோடு மறுக்க வேண்டியிருக்கிறது. தரைமட்டத்தில் ஓசோன் உண்டாவது வாகனப் புகையும் வெயிலும் சேரும்போது. அதனால் அது மத்தியானத்தில்தான் அதிகம், விடியலில் குறைவு. தவிரவும் அது சுவாசத்துக்குக் கெடுதல் செய்யும் வாயு. விடியற்காற்று நன்றாக இருப்பதற்குக் காரணம் குளிர்ச்சியும் வாகனம் இல்லாததும்தான். அதுகூட எல்லா மாதமும் இல்லை. டிசம்பர், ஜனவரியில் அடுப்புப் புகையும் குப்பை எரிக்கும் புகையும் மேலே போகாமல் தரையோடு தங்கிவிடும். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் அந்த மாதங்களில் வெயில் ஏறிய பிறகு நடப்பதே நல்லது. பிரம்ம முகூர்த்தம் என்று அவர் சொன்னால் அதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். சூரிய உதயத்துக்கு 96 நிமிஷம் முன்னால் ஆரம்பித்து 48 நிமிஷம் முன்னால் முடியும் நேரம் அது. ஜனவரி கடைசியில் நம் ஊரில் அது 5:04-லிருந்து 5:52 வரை. 5 மணிக்கு எழுகிற மருமகள் அந்த மாதத்தில் முகூர்த்தம் தப்பாமல்தான் எழுகிறாள்.

அவரையும் கொஞ்சம் கவனியுங்கள். வயதானவர்களுக்குக் கடிகாரம் முன்னால் நகர்ந்துவிடும், தூக்கம் லேசாகிவிடும். 3 மணிக்கே விழித்து, பேச ஆளில்லாமல் நீங்கள் எழுவதற்காகக் காத்திருக்கிறாரோ என்னவோ. ஞாயிற்றுக்கிழமை முகம் தூக்குவதற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம். அப்படியானால் அந்த விடிகாலைக்கு அவரிடம் ஒரு வேலையைக் கொடுங்கள். பூத் தொடுப்பது, கீரை ஆய்வது, முடிந்தால் முதல் டீ போடுவது.

ஞாயிற்றுக்கிழமை 8 மணி வரை தூங்கலாமா என்றால், இப்போதைக்குத் தாராளமாகத் தூங்குங்கள். அந்தப் பாக்கி உடம்புக்குத் தேவை. வார நாட்களில் 7 மணி நேரம் நிலைத்த பிறகு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூட வேண்டியிருக்காது. அதற்கு மேல் தூங்கினால் திங்கள்கிழமை எழுவது கஷ்டமாகும். இடையில் மத்தியானம் 20 நிமிஷம் கண் அசந்தால் நல்லது, 3 மணிக்கு மேல் வேண்டாம்.

கடைசியாக, கவனமாகப் படிக்க வேண்டியது. அலாரம் இல்லாமலே வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னால் விழிப்பு வந்து, மறுபடி தூக்கம் பிடிக்காமல், மனசு கனத்து, காலையில்தான் எல்லாம் ஆக மோசமாகத் தோன்றி, இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயின் அடையாளமாக இருக்கலாம். உங்கள் கடிதத்தில் அப்படி இருப்பதாகத் தெரியவில்லை. உங்களுக்கோ, மாமியாருக்கோ, இதைப் படிக்கும் வேறு யாருக்கோ அப்படி இருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். அதற்கு நல்ல சிகிச்சை உண்டு.

உங்கள் விஷயத்தில், ஒரு மாதம் 7 மணி நேரம் தூங்கிய பிறகும் எழும்போது அசதி அப்படியே இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றும் பார்க்க வேண்டும். 40 வயதைத் தாண்டிய பெண்களில், முக்கியமாக மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம் உள்ளவர்களுக்கு, ரத்தச்சோகை தெரியாமலே இருக்கலாம். பலமாகக் குறட்டை விடுகிறீர்கள், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று கணவர் சொன்னால் அதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பரிசோதனைக்குப் போகும் நாளில் காலைச் சமையல் உங்கள் கணவருடையது.

அன்புடன்,
உங்கள் டாக்டர்